மனு எழுத என்ன கூலி

முத்துப்பேட்டை
18-2-70

அன்புள்ள அக்காவுக்கு மலர்கொடி எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும் காய்ச்சல், தலைவலி என்று படுக்காமல் இருக்கிறோம். அத்தானுக்கு இரைப்பு எப்படி இருக்கிறது? பனி விலகிவிட்டது, இனிக் குறையும் என்று நம்புகிறேன். பிள்ளைகளைக் கேட்டதாகச் சொல்.

உடம்புக்குத்தான் குறைவில்லை, மற்றதெல்லாம் தலைகீழாகிவிட்டது. அறுவடை முடிந்த கையோடு மிராசுதார் எங்களை நிலத்தைவிட்டு எழுப்பிவிட்டார். குத்தகைக்காரர் பெயரைச் சர்க்கார் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருக்கிறதல்லவா? பெயர் ஏறுவதற்கு முன்பே ஆளை இறக்கிவிட்டால் தொல்லையில்லை என்று நினைத்திருக்கிறார். ஒன்பது வருஷமாக இவர் உழுத நிலம். இப்போது அந்தப் பக்கமே போவதில்லை. வாசலில் உட்கார்ந்து கயிறு திரிக்கிறார், மாலையில் பிரித்துப் போடுகிறார்.

தாசில்தாருக்கு மனு எழுத ஆபீஸ் வாசலில் மூன்று ரூபாய் கேட்டார்கள். மூன்று ரூபாய் இருந்தால் அரிசி வாங்கியிருப்பேன். நானே எழுதினேன். விசாரணைக்கு எடுத்துக்கொண்டார்கள். அதைக் கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டு நாகம்மாள் தன் மனைக்கட்டுக்கு ஒரு மனு எழுதச் சொன்னாள். அவளுக்குக் காரியமே நடந்துவிட்டது. இப்போது தினம் இரண்டு பேராவது வருகிறார்கள். இதை வைத்து அடுப்பெரிக்கலாம் என்று துணிந்துவிட்டேன்.

ஆனால் எவ்வளவு கேட்பது? ஒருத்தி நாலு மடவை மீன் கொடுத்தாள். ஒருவர் கால் ரூபாய் கொடுத்தார். ஒருவர் "நல்லாயிரும்மா" என்றார், அவ்வளவுதான். நம் வீட்டில் முதலில் பேனா பிடித்தவள் நீ. நீ சொல்வதைக் கேட்டு நடக்கிறேன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
மலர்கொடி

---

ஒரத்தநாடு
2-3-70

அன்புத் தங்கைக்குச் சௌந்தரநாயகியின் ஆசிகள். இங்கே எல்லோரும் சுகம். அத்தானுக்கு இரைப்பு பகலில் இல்லை. உன் வீட்டுக்காரருக்கு இப்படி ஆனது கேட்டு வருத்தப்பட்டோம். எல்லாம் சரியாகிவிடும்.

நீ மனு எழுதுவது உன் கடிதம் வருவதற்கு முன்பே தெரியும். அம்மா ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டாள். நம் பிறந்த ஊர் தாராசுரத்தில் பேச்சே அதுதானாம். எட்டாவதோடு நிறுத்தப்பட்டவளிடம் எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள் யோசனை கேட்கிறாய், எனக்குச் சிரிப்பு வந்தது. உனக்கு நினைவிருக்காது, நீ சிறு பிள்ளை. நம் தெருவில் யாருக்குக் கடிதம் எழுத வேண்டுமென்றாலும் பாவாடை கட்டின சௌந்தரத்தைத்தான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்து ஆண்டு அறிக்கையை என் கையால்தான் எழுதச் சொன்னார்கள். அதெல்லாம் போகட்டும்.

அத்தானிடம் கலந்துதான் எழுதுகிறேன். ஆபீஸ் வாசலில் உட்காருகிறவர்கள் ஆண்கள், குடையும் மேசையும் வைத்திருப்பவர்கள். அவர்கள் விலை சொல்லலாம். குடும்பத்துப் பெண் வாய் திறந்து இவ்வளவு என்று கேட்டால் நன்றாகவா இருக்கிறது? "உங்களுக்குத் தோன்றியதைக் கொடுங்க" என்று சொல். நல்ல காரியத்துக்குக் கொடுப்பதுபோல வெற்றிலை பாக்கில் வைத்துக் கொடுக்கட்டும். அவர்கள் எதிரில் பிரித்துப் பார்க்காதே. மரியாதை என்று ஒன்று இருக்கிறது.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
சௌந்தரம்

---

முத்துப்பேட்டை
14-4-70

அன்புள்ள அக்காவுக்குப் புது வருஷ வணக்கம். அனைவரும் சுகம்தானே? இங்கே சின்னவளுக்கு அம்மை போட்டு இறங்கிவிட்டது. இன்று தண்ணீர் ஊற்றினோம். பயப்படாதே.

நீ சொன்னபடியே நடந்தேன். ஒரு மாதத்தில் முப்பத்தொரு மனு எழுதினேன். நான் இப்போது வெற்றிலைக்கடை வைக்கலாம். அத்தனை வெற்றிலை! நேற்று வெள்ளைச் சட்டை, கைக்கடிகாரத்தோடு ஒருவர் வந்து, வரப்புத் தகராறுக்கு மூன்று பக்கம் எழுத வைத்தார். போன பிறகு மடிப்பைப் பிரித்தால் உள்ளே அஞ்சு பைசா. வேறொருத்தி ஒரே மனுவை நாலு தடவை மாற்றி எழுதச் சொன்னாள். முதலில் கொழுந்தன் அடித்தான் என்றாள். பிறகு கொழுந்தன் இல்லை, மாமனார் என்றாள். நாலாவது தடவை யாரும் அடிக்கவில்லை, ஆடுதான் காணோம் என்றாள்.

பேப்பர் வாங்குகிற கடைக்காரர் அஹமது கபீர் பாய் என்னைப் பார்த்து, "என்ன தங்கச்சி, இவ்வளவு தாள் வாங்குறீங்க, பெரிய வேலை போலருக்கே" என்றார். வெற்றிலைக் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "தாளுக்கு நான் வெல கேக்குறேன். எழுத்துக்கு நீங்க ஏன் கேக்க மாட்டேங்குறீங்க?" என்றார்.

உன்மேல் குறை சொல்லவில்லை அக்கா. நீ மரியாதைக்குத்தான் சொன்னாய். ஆனால் போன வாரம் பித்தளை அண்டாவை விற்றுவிட்டோம். அது அம்மா எனக்குச் சீர் கொடுத்தது. இனி விற்க வீட்டில் பாத்திரமும் இல்லை. வேறு ஏதாவது வழி சொல். எவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்.

பிள்ளைகளுக்கு முத்தங்களுடன்,
மலர்கொடி

---

ஒரத்தநாடு
9-6-70

மலருக்கு ஆசிகள். சின்னவளுக்கு அம்மைத் தழும்பு மறைந்ததா? பதில் எழுத நாளாகிவிட்டது. ஆற்றில் தண்ணீர் வரப்போகிறது, வாய்க்கால் வெட்டு, நாற்றங்கால் வேலை என்று வீடு நிறைய ஆள். உனக்கென்ன, உட்கார்ந்து எழுதுகிறாய்.

நடுவில் தாராசுரம் போயிருந்தேன். நீ அனுப்பின மனு நகலை அம்மா பெட்டியில் பட்டுப்புடவைக்கு மேலே வைத்திருக்கிறாள். தெருப் பெண்கள் வந்து கேட்டார்கள். படித்துக் காட்டச் சொல்லி என் கையில் கொடுத்தாள். நான் உரக்கப் படித்தேன், எல்லோரும் 'உச்' கொட்டினார்கள். முடித்ததும் அம்மா, "சௌந்தரத்துக்குக் கையெழுத்து முத்துமுத்தா இருக்கும். மலருக்குத்தான் விஷயம் வரும்" என்றாள். என் எதிரிலேயே சொன்னாள். எனக்குப் பொறாமை என்று நினைத்துவிடாதே. மோரைக் குடித்துவிட்டு அன்றைக்கே பஸ் ஏறிவிட்டேன்.

தொகை கேட்டாய். ஐந்து ரூபாய் கேள். ஆபீஸ் வாசலில் இருப்பவர்களே மூன்று வாங்கும்போது, ஊரெல்லாம் புகழ்கிற எழுத்துக்கு ஐந்து அதிகமில்லை. ஒரு பைசாகூடக் குறைக்காதே. குறைத்தால் உனக்குத்தான் கேவலம்.

அத்தான் நேற்று கட்சிக் கூட்டத்தில் உழுபவர் உரிமை பற்றிப் பேசினார். நல்ல கைதட்டல். பிறகு எழுதுகிறேன்.

சௌந்தரம்

---

முத்துப்பேட்டை
20-7-70

என் அன்பான அக்காவுக்கு ஆயிரம் நமஸ்காரம். நீ, அத்தான், பிள்ளைகள் சௌக்கியம் என்று நினைக்கிறேன். இங்கே பல மாதம் கழித்து எல்லோரும் உண்மையாகவே சௌக்கியம்.

உன் கடிதத்தைப் படித்ததும் ஐந்து ரூபாயா என்று பயந்துவிட்டேன். பிறகு யோசித்தேன். நடவுக்கு வருகிற பெண்கள் கரையில் நின்று கூலியைப் பேசி முடித்துவிட்டுத்தான் சேற்றில் கால் வைக்கிறார்கள். சேற்றில் இறங்கியபின் யாரும் பேசுவதில்லை. நான்தான் இத்தனை நாளும் இறங்கிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டிருந்தேன். ஒரு மனுவுக்கு எனக்கு அரை நாளுக்கு மேல் போகிறது. அதனால் கூலி வேலை செய்பவர்களுக்கும் குத்தகைக்காரர்களுக்கும், நகலோடு சேர்த்து ஒன்றரை ரூபாய். பட்டாவில் பெயர் உள்ளவர்களுக்கு நீ சொன்ன ஐந்து ரூபாய். வெறும் கடிதம் கால் ரூபாய். என் பிழையென்றால் சும்மா திருத்துவேன். அவர்கள் கதையை மாற்றினால் பாதிக் கூலி. பேனாவைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.

இதைக் கேள். ஐந்து ரூபாய் என்றதும் பட்டாக்காரர்கள் ஓடிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். அதிகமாக வருகிறார்கள்! அந்தக் கைக்கடிகாரக்காரர் மறுபடி வந்தார். "அஞ்சு ரூபா வாங்குறீங்கன்னா விஷயம் தெரிஞ்சவங்களாத்தான் இருப்பீங்க" என்றார். அஞ்சு பைசா கொடுத்தபோது எனக்கு ஒன்றும் தெரியாது போலிருக்கிறது.

எல்லாம் உன்னால்தான். முதல் சம்பாத்தியத்தில் உனக்கு ஒரு பச்சைக்கரைச் சேலை பார்சலில் அனுப்பியிருக்கிறேன். கட்டிக்கொண்டு எப்படி இருக்கிறதென்று எழுது.

என்றும் நன்றியுடன்,
மலர்

---

ஒரத்தநாடு
24-7-70

மலர்கொடிக்கு. இங்கு யாவரும் சுகம்.

சேலை வந்தது. பச்சை எனக்கு ஆகாது. நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன். காசைக் கண்டதும் இப்படி இறைக்காதே. இன்னொன்று, எல்லாம் என்னால்தான் என்று ஊரில் சொல்லிக்கொண்டு திரியாதே, எனக்குப் பிடிக்கவில்லை.

வேறு செய்தி இல்லை.

சௌந்தரநாயகி

---

முத்துப்பேட்டை
10-8-70

அக்காவுக்கு வணக்கம். நலமென்று நம்புகிறேன்.

சேலை உன்னுடையது, நீ யாருக்கும் கொடுக்கலாம். நான் எழுதுவது வேறு விஷயம். அம்மா சொல்லித்தான் தெரிந்தது. உங்கள் ஆறு மா நிலத்தை உழுகிற அய்யாவு அண்ணனை, சம்பா அறுத்ததும் எழுப்பிவிடப்போவதாக அத்தான் சொல்லியிருக்கிறாராமே. பதிவேட்டில் பெயர் ஏறிவிடும் என்ற பயம்தானாம். அய்யாவு அண்ணன் பன்னிரண்டு வருஷமாக அங்கே உழுகிறார். உன் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர் அவர்தான்.

மாசியில் எங்கள் அடுப்பு அணைந்துவிட்டது என்று எழுதினேன். நீ ஒரே வரியில் வருத்தம் எழுதினாய். அந்த வரியை எழுதும்போதே உன் வீட்டில் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்ததா அக்கா? மேடையில் பேசுகிற அத்தான் வீட்டில் வேறு பேசுகிறாரா?

கேட்டது தப்பென்றால் மன்னித்துவிடு.

மலர்கொடி

---

முத்துப்பேட்டை
26-9-70

அன்புள்ள அக்காவுக்கு. அங்கே எல்லோரும் சுகமா? ஆறு வாரத்துக்கு மேலாகப் பதில் இல்லை. கோபமென்றால் திட்டியாவது ஒரு கார்டு போடு. அத்தானுக்கு இரைப்பு அதிகமாகிவிட்டதோ என்று கவலையாக இருக்கிறது.

மலர்

---

ஒரத்தநாடு
12-10-70

மலருக்கு உன் அக்காவின் ஆசிகள். அத்தானுக்கு இரைப்பு இல்லை. எனக்கும் சீக்கில்லை. வெட்கத்தில்தான் எழுதவில்லை.

ஐந்து ரூபாய் கேள் என்று நான் எழுதியது உன் நல்லதுக்கு இல்லை. ஐந்து என்றால் ஆள் வராது, பேனாவை மூடி வைத்துவிடுவாய் என்றுதான் எழுதினேன். வெற்றிலை யோசனையும் அப்படித்தான். அத்தானிடம் நான் எதையும் கேட்கவில்லை. எனக்கு உன்மேல் வயிற்றெரிச்சல் மலர். அம்மா பெட்டியில் உன் தாளைப் பார்த்த நாளிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. நான் வயதுக்கு வந்ததும் பள்ளிக்கூடத்தை நிறுத்தினார்கள். உனக்கு மட்டும் நிறுத்தவில்லை. என் தப்பு என்ன? நான் முன்னால் பிறந்ததுதான். நீ கேட்டாயே, ஆமாம், அந்த ஒரு வரியை எழுதும்போது அத்தான் கூடத்தில் அய்யாவுவை எழுப்புவது பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டே எழுதினேன்.

போன மாதம் அய்யாவு பெண்சாதி செவ்வந்தி கொல்லைப்பக்கம் வந்தாள். "அம்மா, உங்க தங்கச்சி மாதிரி எழுதறவங்க இந்தப் பக்கம் யாரும் இருக்காங்களா?" என்று கேட்டாள். எங்கள் நிலத்தில் தன் வீட்டுக்காரர் பெயரைப் பதிவு செய்யத்தான். அவளுக்கு எவ்வளவு தைரியம் பார், எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே வந்து கேட்கிறாள். நான் அவளை விரட்டியிருக்க வேண்டும். ஆனால் 'உங்க தங்கச்சி மாதிரி' என்றாள் பார், அது என்னைச் சுட்டுவிட்டது. "ஏன், நான் எழுதினா ஆகாதா?" என்று கேட்டுவிட்டேன்.

எழுதினேன். நியாயத்துக்காக எழுதினேன் என்று சொன்னால் பொய். நீ எழுதியதைவிட நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எழுதினேன். எழுத எழுதத்தான் நியாயமும் தெரிந்தது. பன்னிரண்டு வருஷத்தில் எந்த வருஷம் எத்தனை கலம் அளந்தார்கள், எந்த வருஷம் புயலில் சாய்ந்தது, எல்லாம் எனக்குத்தானே தெரியும்? அளந்து கொட்டும்போது நெல் பத்தாயத்துக்குப் பக்கத்தில் நின்றவள் நான். செவ்வந்தி சொல்லாததையும் சேர்த்து எழுதினேன். மனுவைத் தாசில்தாரிடம் கொடுத்துவிட்டார்கள்.

அத்தானுக்குத் தெரியாது. என்ன நடக்குமோ. யாரிடமும் சொல்லாதே.

உன் அக்கா

---

முத்துப்பேட்டை
17-10-70

அக்கா,

எல்லோரும் நலமா என்று பிறகு விசாரிக்கிறேன். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை உன்மேல் கோபம் வந்தது. அண்டாவை விற்ற வாரத்தை நினைத்துக்கொண்டேன். அந்தக் கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை, மறைக்க மாட்டேன். மூன்றாவது தடவை பயம் வந்தது. அத்தான் கை நீட்டினால் பஸ் ஏறி இங்கே வந்துவிடு. எங்கள் வழக்கு இன்னும் முடியவில்லை, ஆனால் அடுப்பு எரிகிறது. இவர் இப்போது மனு எழுத வருகிறவர்களை வரிசையாக உட்கார வைக்கிறார், கயிறு திரிப்பதில்லை.

செவ்வந்தியிடம் எவ்வளவு வாங்கினாய்? அதை எழுதவே இல்லையே. சும்மா எழுதியிருந்தால் நம் இரண்டு பேர் தொழிலுக்கும் கெடுதல்.

மலர்

---

ஒரத்தநாடு
28-11-70

அன்புள்ள மலருக்கு உன் அக்கா சௌந்தரம் எழுதுவது. அனைவரும் சுகம், அத்தான் உட்பட. சின்னவளுக்கு இந்த மழைக்குச் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

ஒன்றரை ரூபாய் வாங்கினேன். உன் ரேட்டுத்தான். வேறு எனக்கு என்ன தெரியும்?

தீபாவளி முடிந்த வாரம் விசாரணை. அய்யாவு மனுவை குமாஸ்தா வரிவரியாக வாசித்தாராம். மரக்கால் கணக்கு முதற்கொண்டு இருந்ததால் அத்தானால் மறுத்துப் பேச முடியவில்லை. மறுப்பை எழுத்தில் கொடுக்கத் தவணை வாங்கிக்கொண்டு, நகலோடு வீட்டுக்கு வந்தார். அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். தாளை முறத்தில் போட்டார்.

"இது யாரு எழுத்து?"

"என்னோடதுங்க."

"என் வீட்டுல இருந்துக்கிட்டு எனக்கே எழுதினியா?"

"நெலத்த யாரும் எடுத்துக்கலீங்க. உழறவர் பேர எழுதியிருக்கேன். மேடையில நீங்க பேசுனதுதான்."

அடிக்கவில்லை. அதைவிட மோசம், ஒன்பது நாள் பேசவில்லை. வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். நாத்தனார் வந்து என்னைப் பேசாத பேச்சில்லை, அதுவும் உன் பச்சைக்கரைச் சேலையைக் கட்டிக்கொண்டு. அவளுக்கு அது நன்றாகத்தான் இருந்தது, அதற்கும் சேர்த்து எனக்கு ஆத்திரம். பெட்டியைக்கூடக் கட்டிவிட்டேன் மலர். உன்னிடம் வர மனமில்லாமல்தான் இருந்துவிட்டேன். நீ சம்பாதித்துப் போடுகிற சோற்றை நான் தின்பதா?

பத்தாம் நாள் காலையில் அவரே நாலு வெள்ளைத் தாளும் மைக்கூடும் வாங்கி வந்து என் எதிரில் உட்கார்ந்தார். ஆபீஸ் வாசலில் எழுதுகிறவர்களிடம் போயிருக்கிறார். மனுவைப் பார்த்துவிட்டு அவர்கள், "இதுக்கு மறுப்பு எங்களால எழுத முடியாது, எழுதினவங்களயே கேளுங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டார்களாம். அதைச் சொல்லும்போது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

"அய்யாவு குத்தகைக்காரன் இல்ல, கூலியாள்னு எழுது" என்றார்.

"அது பொய்யி. எழுத மாட்டேன். நெலம் நம்ம பட்டா, குத்தகை நெல்ல காலத்துல, கொறைக்காம அளக்கணும், நிலுவை வச்சா கேக்க நமக்கு உரிமை உண்டுன்னு எழுதறேன். தாசில்தார் ஒத்துக்குவாரு. அதான் உங்களுக்குக் கெடைக்கும்."

இரைப்பு வந்து போயிற்று. கடைசியில், "சரி, எழுது" என்றார்.

நான் பேனாவைத் திறக்கவில்லை. "கூலி பேசிட்டுத்தாங்க எழுதுவேன். பட்டாதாரருக்கு ஆறு ரூபா."

"பொண்டாட்டிக்கு நான் கூலி குடுக்கணுமா?"

"அய்யாவு குடுத்தாரு."

"ஆபீஸ் வாசல்ல மூணு ரூபாதாண்டி!"

"அங்க போய்ட்டுத்தான வந்தீங்க?"

எழுந்து போய்விட்டார். தொழுவம்வரை போனார். மாட்டை ஒரு அதட்டு அதட்டினார். பிறகு திரும்பி வந்து இடுப்புப் பையை அவிழ்த்து ஆறு ஒற்றை ரூபாய் நோட்டை வைத்தார். நான் அவர் எதிரிலேயே எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். எழுத்து கோணவில்லை.

நேற்று உத்தரவாகிவிட்டது. அய்யாவு பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. எங்கள் குத்தகை அளவும் ஏறிவிட்டது. இரண்டு மனுவும் ஒரே கையெழுத்து என்று கண்டுபிடித்து குமாஸ்தா சிரித்தாராம். இன்று காலை ஒரு கிழவர் வாசலில் வந்து நின்று, "மனு எழுதறவங்க வீடு இதுங்களா?" என்று அத்தானிடம் கேட்டார். அத்தான், "உள்ள இருக்காங்க, போங்க" என்று சொன்னார்.

உன்மேல் எனக்கிருந்த எரிச்சல் போய்விட்டதா என்று கேட்பாய். முழுக்கப் போகவில்லை. நீ ஐந்து ரூபாய் வாங்குகிறாய். நான் ஆறு வாங்கினேன். இதை அம்மாவுக்கு நானே எழுதினால் நன்றாக இருக்காது, நீ எழுது. தொகையை விட்டுவிடாதே.

உன் அக்கா,
சௌந்தரநாயகி